முயல்களுக்கு வைத்த ஐஸ்

என் அம்மா நஷ்மிய்யா பஸ்ராவின் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரின் சண்டையையும் கல்யாணத்தையும் சாவையும் ஒரு துளையிலிருந்து பிடுங்கி இன்னொரு துளையில் செருகுவது வேலை. ஓய்வு பெற்ற பிறகு ஒரு வெள்ளிக்கிழமை சந்தையிலிருந்து அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே மூன்று முயல்கள். எதற்கு என்று கேட்டேன். இதற்குக் குரல் கிடையாது, அது போதும் என்றாள்.

எங்கள் மார்க்கப் பிரிவில் முயல்கறி விலக்கப்பட்டது. முயல் முட்டை இடாது, பாலுக்கும் ஆகாது. அதனால் தெருவுக்கு அவள் செய்தது வேடிக்கையாக இருந்தது. முனையில் ஜெனரேட்டர் வைத்து வீடுகளுக்கு மின்சாரம் விற்கும் அபூ ஸத்தார் அவளைக் கண்டால் விடமாட்டார்.

"உம் கிஃபாஹ், திங்கவும் முடியாது, காலைல கூவி எழுப்பவும் தெரியாது. இதுக்கு நீ இன்னொரு கல்யாணம் பண்ணியிருக்கலாம்."

"நானும் யோசிச்சேன். முயல்தான் எதிர்த்துப் பேசாது."

உம் கிஃபாஹ் என்றால் கிஃபாஹின் அம்மா. கிஃபாஹ் நான். ஒரே மகள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா ஃபாவ் போர்முனைக்குப் போனார். பெட்டியில் வந்தார். அம்மா அதன் பிறகு எனக்காக மட்டும் இருந்தாள் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. அவளுக்கு வேலை பிடித்திருந்தது.

முயல்களுக்கு நகரின் பழைய தொலைபேசி நிலையங்களின் பெயர்களை வைத்தாள். அஷார், மாகில், தன்னூமா. ஒன்று கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டால் "மாகில் லைன் கிடைக்கலை" என்பாள். குதிரைமசால் தீவனத்தை வாங்கி வந்து நிழலில் வாட்டித்தான் போடுவாள், பச்சையாகத் தின்றால் வயிறு ஊதிவிடும் என்று. பல் நிற்காமல் வளர்வதால் கடிக்க ஈச்ச மட்டை. நகம் வெட்டும்போது துண்டில் சுற்றி, அதன் முகத்தைத் தன் அக்குளுக்குள் மறைத்துக்கொள்வாள். புழுக்கை குறைந்தால் உடனே வயிற்றைத் தடவிப் பார்ப்பாள். வீட்டு வயர்களை அவை கடித்ததால் நான் எல்லாவற்றையும் இரும்புக் குழாய்க்குள் விட்டுக் கொடுத்தேன்.

தொழுகைக்குத் தனி உடை வைத்திருந்தாள். விலக்கப்பட்ட பிராணியின் முடி ஒன்று ஒட்டியிருந்தாலும் தொழுகை கூடாது. ஜன்னல் வெளிச்சத்தில் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் விரிப்பில் நிற்பாள்.

பிறகு அவளுடைய நுரையீரல் கெட்டது. ஊருக்கு வடக்கே எண்ணெய்க் கிணறுகளில் வாயு எரிந்துகொண்டே இருக்கிறது. மருத்துவர் அதைக் காரணமாகச் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் இயந்திரம் ஒன்றை எழுதிக் கொடுத்தார். நாள் முழுவதும் ஓட வேண்டும். முயல்கள் அதே அறையில் இருக்கக் கூடாது, முடி வடிகட்டியை அடைக்கும். அவற்றை உள்ளறைக்கு மாற்றினோம். அங்கே ஏசி கிடையாது.

நான் மின் நிலையத்தில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். உற்பத்தி போதாமல் போகும்போது எந்த லைனை முதலில் துண்டிப்பது என்பதைக் கருவிகளில் அமைப்பது எங்கள் வேலை. சிலவற்றை விட்டால்தான் மற்றவை நிற்கும். மருத்துவமனைகள் கடைசி. அம்மாவின் பகுதி முதல் வரிசை. அந்த வரிசை மேலிருந்து வருவது.

அரசு மின்சாரம் போனதும் அபூ ஸத்தாரின் லைன் வரும். வீட்டுக்கு மூன்று ஆம்பியர். அதில் ஆக்ஸிஜன் இயந்திரமும் ஒரு மின்விசிறியும் ஓடும். ஃப்ரீசரையும் போட்டால், அதன் மோட்டார் கிளம்பும் நொடியில் பல மடங்கு இழுக்கும். வாசலில் இருக்கும் பிரேக்கர் விழுந்துவிடும். வீடே இருண்டுவிடும். ஆக, ஒன்று இயந்திரம், இல்லாவிட்டால் ஃப்ரீசர்.

ஃப்ரீசர் ஐஸுக்கு. முயலுக்கு வியர்க்காது, காதுகள் வழியாகத்தான் சூட்டை வெளியே விடும். ஐம்பது டிகிரியில் காது போதாது. வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று வீசும் நாட்களில் தண்ணீர்க் கூலரும் உதவாது. பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, துணி சுற்றி, பக்கத்தில் வைக்க வேண்டும். அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும். நான் கட்டி ஐஸ் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். உருகித் தரை நனைந்து பாதங்கள் புண்ணாயின. பேட்டரி வைத்தேன், அந்த வெயிலில் ஒரு கோடைகூடத் தாங்கவில்லை. இன்னொரு ஆம்பியர் கேட்டோம். அபூ ஸத்தாரின் இயந்திரம் ஏற்கெனவே தாங்கும் அளவைத் தாண்டியிருந்தது.

நான் இருக்கும் நிலையக் குடியிருப்பில் மின்சாரம் போகாது. அங்கே வந்துவிடு என்று அவளைக் கூப்பிட்டேன். அங்கே பிராணிகளுக்கு அனுமதி இல்லை. முயல்களை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றேன். முன்பு ஒரு ஈற்றுக் குட்டிகளை எதிர்வீட்டு உம் காயிபுக்குக் கொடுத்திருந்தாள். அவர்கள் மொட்டைமாடியில் வைத்தார்கள். ஒரே பிற்பகலில் எல்லாம் செத்துப்போயின. அதற்குப் பிறகு அவள் யாருக்கும் கொடுக்கவில்லை.

ஃப்ரீசரின் பிளக்கில் டேப் சுற்றி, அரசு மின்சாரம் இருக்கும்போது மட்டும் என்று எழுதி ஒட்டினேன். சரி என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி சொன்னதில்லை.

ஒரு நாள் வேலையின் நடுவே ஃபோன் செய்தேன். அவள் குரல் தெளிவாகக் கேட்டது. அந்த இயந்திரம் சில நொடிக்கு ஒரு தடவை புஸ்ஸென்று மூச்சு விடும். அவள் குரலுக்குப் பின்னால் அது கேட்கவில்லை.

"மெஷின் ஓடுதா?"

"ஓடுது யும்மா."

"சத்தமே இல்லையே."

"வாசல்ல நிக்கிறேன்."

"வாசல்ல நின்னா ஜெனரேட்டர் உறுமுறது கேக்குமே."

 அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"ஊரு லைனையெல்லாம் நான் ஒட்டுக்கேட்டேன். இப்ப என் பொண்ணு என்னை ஒட்டுக்கேக்குறா."

"குழாயை எடுத்து மாட்டிக்கோம்மா."

"ஐஸ் ஆகட்டும், மாட்டிக்கிறேன். நான் அசையாம உக்காந்தா இருக்கிற மூச்சு போதும். அதுங்களுக்கு என்ன பண்ணாலும் போதாது."

"அதுங்க முயல்மா."

"முயல்னு தெரிஞ்சுதானே வாங்கினேன்."

நான் சண்டை போட்டேன். அழுதேன். உம் காயிபை அனுப்பிப் பேசச் சொன்னேன். அவளும் போய், முயலுக்காக மூச்சை விடுகிறவளை இந்த ஊர் பார்த்ததில்லை என்று திட்டிவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்தாள். அபூ ஸத்தாரிடம் சொல்லிவைத்தேன். அவர் தினமும் வாசலில் நின்று கத்தி, இயந்திரத்தைப் போடவைப்பார். பலன் இல்லை. ஃபோனில் என்னிடம் முறையிட்டார்.

"நான் திரும்பி என் மெஷின்கிட்ட வர்றதுக்குள்ள அதோட உறுமல் மாறுது. ஃப்ரீசர் ஏறிடுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுடும். உங்கம்மாவை நான் என்ன செய்ய, கயிறு போட்டா கட்ட முடியும்?"

ஆகஸ்டில் ஒரு நாள் தெற்கு முழுவதற்கும் மின்சாரம் விழுந்தது. நாங்கள் யாரும் நிலையத்தை விட்டு நகர முடியவில்லை. விழுந்த அமைப்பை ஒவ்வொரு லைனாக எழுப்ப வேண்டும். அரசு மின்சாரம் இல்லாததால் தெருவுக்கு அபூ ஸத்தார் மட்டும்தான். பிற்பகலில் அவருடைய இயந்திரம் சூடாகிவிட்டது. ஆறவிட்டு மறுபடி ஓட்டினார். உறுமலைக் கேட்டதுமே அம்மாவின் ஃப்ரீசர் ஓடுகிறது என்று தெரிந்து கத்துவதற்காகப் போனார். பதில் இல்லை. உம் காயிபைக் கூப்பிட்டு உள்ளே அனுப்பினார்.

அம்மா உள்ளறையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் ஈரத்துணி. மடியில் தன்னூமா, அதன் காதுகள் நனைந்திருந்தன. மற்ற இரண்டும் பாட்டில்களை ஒட்டிப் படுத்திருந்தன. மூன்றும் உயிரோடு இருந்தன.

நான் வந்தபோது அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். ஆக்ஸிஜன் இயந்திரத்தின் பிளக் தரையில் கிடந்தது. என் டேப்பைப் பிரித்து, மடித்து, ஃப்ரீசரின் மேலேயே வைத்திருந்தாள்.

புனித நகரான நஜஃபில் அடக்கம் செய்துவிட்டுத் திரும்பினோம். மூன்று நாள் துக்கம். வீடு பெண்களால் நிறைந்தது. முயல் முடி கறுப்பு அங்கிகளில் ஒட்டினால் தொழுகை போய்விடும் என்று யாரோ உள்ளறைக் கதவைச் சாத்தினார்கள்.

இறந்தவர் பேரில் குளிர்ந்த தண்ணீர் கொடுப்பதைவிடப் பெரிய புண்ணியம் எங்கள் ஊரில் இல்லை. தண்ணீர் மறுக்கப்பட்டு, தாகத்தோடு கொல்லப்பட்ட நபியின் பேரனுக்காகவும் அவர் குடும்பத்துக்காகவும் இன்றும் அழுகிற ஊர் இது. பெண்கள் ஃப்ரீசரைத் திறந்தார்கள். உறைந்த பாட்டில்கள் அடுக்கடுக்காக இருந்தன.

"பாத்தியா, தன் துக்கத்துக்கு வர்றவங்களுக்குத் தானே ஐஸ் வச்சிட்டுப் போயிருக்கா" என்று உம் காயிப் அழுதாள். எல்லோரும் அழுதார்கள். பாட்டில்களை அறுத்து, ஐஸை அண்டாவில் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் மொண்டு கொடுத்தார்கள். என் கையிலும் ஒரு கோப்பையை வைத்தார்கள். குடித்தேன்.

பெண்கள் இருக்கும் வீட்டுக்குள் அபூ ஸத்தார் வர முடியாது. குதிரைமசால் கட்டை வாசலிலேயே கொடுத்துவிட்டு, ஐஸ் வைத்தீர்களா என்று கேட்டிருக்கிறார். வைத்தோம், எல்லோருக்கும் கிடைத்தது என்று அங்கிருந்தவள் சொல்லியிருக்கிறாள்.

மூன்றாம் நாள் கூட்டம் குறைந்ததும் அவரே வந்து என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, முயல்கள் தின்கின்றனவா என்றார். நான் உள்ளறையைத் திறந்தேன். கதவு எதன் மேலோ இடித்து நின்றது. மூன்றும் கதவின் கீழ் இடுக்கில் மூக்கை வைத்தபடி நீட்டிக் கிடந்தன.

"பாசம்" என்றாள் உம் காயிப் எனக்குப் பின்னால் நின்று. "அவ போனதும் அதுங்களும் போயிடுச்சுங்க."

அன்று மாலைக்குள் அது தெருவைச் சுற்றிவிட்டது. பிறகு பக்கத்துத் தெருக்களுக்கும் போனது. எனக்குத் தெரியாத பெண்கள் சந்தையில் என்னை நிறுத்தி, துக்கத்தில் உயிரை விட்ட முயல்களின் வீடு உன்னுடையதா என்று கேட்டார்கள்.

உம் காயிபிடம் மட்டும் ஒரு தடவை சொன்னேன். சித்தி, அது துக்கம் இல்லை, வெப்பம். அந்த ஐஸ் அவற்றுக்கு வைத்தது.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படிச் சொல்லாத யும்மா. அவ பேர்ல நாங்க குடுத்த தண்ணியோட புண்ணியம் அப்புறம் என்ன ஆகும்?"

 இப்போது யார் கேட்டாலும், ஆமாம், துக்கத்தில்தான் செத்தன என்கிறேன்.