சிரிக்காத சம்பந்தி

முதலில் வந்த மாப்பிள்ளை வீட்டார் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். பெண்ணின் தகப்பனுக்குத் தங்களைப் பிடிக்கவில்லை என்று தரகரிடம் சொல்லியிருக்கிறார்கள். அடுத்து வந்தவர்கள் இன்னும் வெளிப்படையானவர்கள். "அந்த மனுசன் எங்களைப் பொலிஸ்காரன் மாதிரிப் பாத்தார்" என்றார்கள்.

அந்த மனிதரோடு நான் வேலை செய்திருக்கிறேன். கொழும்பில், வெள்ளவத்தைக் கடைகளில் சலவைக்குச் சேரும் பட்டுச் சேலைகளையும் கோட்டுகளையும் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவந்து சுத்தம் செய்யும் பட்டறை அது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபின் நான் பார்த்த பல வேலைகளில் ஒன்று. புதுக்கடையில் வக்கீல்மாருக்கு இடியப்பம் கட்டிக்கொடுத்ததற்கும், கொம்பனித்தெருவில் பழைய வீடுகள் இடிக்கிற கூட்டத்தோடு போனதற்கும் இடையில் வந்தது.

நான் துணி சுமப்பவன். அவர் கறை எடுப்பவர். நான் அவரை அண்ணன் என்பேன். அவருடைய அறைக்கு யன்னல் இல்லை. ஒரு மேசை, ஒரு சின்னத் தூரிகை, ஒரு போத்தல். போத்தலில் இருந்ததை நாங்கள் 'மருந்து' என்போம். நெய், எண்ணெய், லிப்ஸ்டிக் எல்லாவற்றுக்கும் அதுதான். மணம் லேசாக இனிக்கும். கொஞ்ச நேரத்தில் எனக்குத் தலை சுற்றும், வெளியே ஓடி வாந்தி எடுப்பேன். அவருக்கோ மணமே தெரியாது. மருந்து மட்டுமல்ல, கருவாடு பொரித்தாலும் தெரியாது. முதலாளி அதை ஒரு தகுதியாக எண்ணினார். "அவருக்கு மூக்குப் பழகிட்டுது. உனக்கும் பழகும்" என்பார். பழகுவதற்குள் நான் ஓடிவிட்டேன். அவருக்கு மகள் இருந்தாள், அதனால் அவர் ஓடவில்லை.

அங்கே நாங்கள் சிரித்ததெல்லாம் அவரால்தான். முதலாளி போல வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டுவார். முதலாளியே ஒருமுறை பார்த்துச் சிரித்திருக்கிறார்.

பல வருடம் கழித்து அவரை வெள்ளவத்தைச் சந்தையில் கண்டேன். நடக்கும்போது ஒரு கை ஆடவில்லை.

"டேய், நீ இன்னும் சாகேல்லையோ?" என்றார்.

முகத்தில் ஒன்றுமில்லை. நான் சொல்லாமல் வேலையை விட்டுப் போன கோபம் இன்னும் தீரவில்லை என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். பகிடிக்குத்தான் கேட்டது என்று அவர் எனக்கு விளக்க வேண்டியிருந்தது. பார்க்கின்சன் என்ற நரம்பு வருத்தமாம். கை நடுங்குவது கொஞ்சந்தான், முகம்தான் இறுகிவிட்டது. சிரிப்பு வருகிறது, முகத்துக்கு வருவதில்லை.

களுபோவிலைக் கிளினிக்குக்கு அவரோடும் அவர் மனைவியோடும் நானும் போனேன். அந்த அக்காவுக்குச் சந்தைச் சிங்களம் மட்டும்தான் தெரியும், எனக்கு எல்லாச் சிங்களமும் தெரியும். அக்கா கேட்கச் சொன்னது ஒரே கேள்வி: இது பரம்பரையில் வருவதா? பெரும்பாலும் இல்லை என்றார் டொக்டர். அப்படியானால் பட்டறை மருந்தால்தான் வந்தது என்று சொல்லலாமா? அந்த வகைத் திரவங்களோடு கனகாலம் வேலை செய்தவர்களுக்கு இந்த வருத்தம் வரும் சாத்தியம் கூடுதல், ஆனால் இவருக்கு அதனால்தான் வந்தது என்று எவராலும் அறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

"இதென்ன கதை?" என்றாள் அக்கா, வெளியே வந்து. "சாத்தியம் கூடவாம், ஆனா அதாலதானெண்டு சொல்லேலாதாம். இத நான் சம்பந்தம் பேச வாறவைக்கு எப்பிடிச் சொல்லுறது? இரத்தத்தில ஓடுறதெண்டு நினைச்சா பிள்ளைய ஆர் கட்டுவான்?"

மூன்றாவது மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முதல் நாள் அக்கா என்னைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நீங்களும் அங்க வேலை செய்தனீங்கள்தானே. வந்து பக்கத்தில இருங்கோ. உங்களுக்கும் கை கொஞ்சம் நடுங்கினா நல்லது."

"நடுங்கேல்லையே அக்கா."

"பரவாயில்ல, வாங்கோ."

இந்த முறை வருத்தத்தை முதலிலேயே சொல்லிவிடுவது என்று முடிவு. மகளே சொன்னாள், டொக்டர் சொன்னதில் ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல். மாப்பிள்ளையின் தகப்பன் என் பக்கம் திரும்பினார்.

"தம்பியும் அங்கதானே நிண்டது? உமக்கு ஒண்டுமில்லையே?"

"நான் கொஞ்ச நாள்தான் ஐயா. அதிலயும் பாதி வாந்தியில போயிட்டுது."

பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல அக்கா என்னைப் பார்த்தாள்.

மாப்பிள்ளைக்கு லிப்ட் திருத்தும் கம்பனியில் வேலை. அதுவரை பேசாதிருந்த அண்ணன் அவனிடம் கேட்டார்.

"மகன், பாட்ஸ் எதால கழுவுறனீங்கள்?"

"ஒரு சொல்வன்ட் அங்கிள், எண்ணெய் கழட்டுறது. தொட்டியில ஊத்தியிருக்கும்."

"கையுறை?"

"போட்டா வழுக்கும்."

"யன்னல்?"

"ஏசி றூம் அங்கிள்" என்றான் அவன், கொஞ்சம் பெருமையாக.

மாப்பிள்ளையின் தகப்பன் கோப்பையைக் கீழே வைத்தார். "நாங்கள் பொம்பிளை பாக்க வந்தனாங்கள். இதென்ன, வேலைக்கு இன்டர்வியூவோ?"

நான் குறுக்கே விழுந்தேன். "பகிடிக்குக் கேக்கிறார் ஐயா. உள்ளுக்குள்ள சிரிக்கிறார்."

"அப்பா சிரிக்கேல்ல" என்றாள் மகள். "உண்மையாத்தான் கேக்கிறார். எனக்கும் தெரியோணும்."

மாப்பிள்ளை தன் விரல்களைப் பார்த்தான். "அதுக்கு என்ன பேரெண்டு எனக்குத் தெரியாது. நாளைக்குப் பாத்துச் சொல்லுறன்."

அவர்கள் போனதும் அக்கா அழுதாள். "வந்த ஒண்டையும் கலைச்சுப்போட்டீங்கள்."

"கலையிறதெண்டா இப்பவே கலையட்டும்" என்றார் அண்ணன். "பிறகு இவளும் உன்னை மாதிரி ஒருத்தனுக்குச் சோறு தீத்திக்கொண்டு இருக்கோணுமோ?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சோற்றுக் கோப்பையை எடுத்துவந்தாள். விரல்கள் இறுகிப்போன அவருக்கு மதியச் சோறு ஊட்டுகிற நேரம் ஆகியிருந்தது.

அடுத்த நாள் மகளின் கைபேசிக்கு மாப்பிள்ளையிடமிருந்து முதல் படம் வந்தது. ஒரு நீலப் பீப்பா. லேபல் பாதி கிழிந்திருந்தது. மிச்ச எழுத்துகளைத் தேடிப் பார்த்து, டொக்டர் சொன்ன வகைதான் என்றாள். படத்துக்குக் கீழே, வேறு பகுதிக்கு மாற்றச் சொல்லிக் கேட்டிருப்பதாகவும், பார்ப்போம் என்று மேலாளர் சொன்னதாகவும் எழுதியிருந்தான்.

"மாத்தின பிறகு வரச் சொல்லு" என்றார் அண்ணன்.

"மாத்தாட்டி?" என்றாள் அக்கா.

"கையுறை போட்டுக்கொண்டு வரச் சொல்லு."

மகள் தட்டி அனுப்பினாள். பதில் வந்தது, வாசித்துச் சொன்னாள். "பாமசியில விக்கிற மெல்லிசுக் கையுறை போதுமோ எண்டு கேக்கிறார், அப்பா."

"போதாது. ஊறி உள்ள போகும். அந்த வேலைக்கெண்டு தடிச்சது இருக்குதாம், விசாரிக்கச் சொல்லு. காத்துப் போக வழியும் கேக்கச் சொல்லு."

"யன்னல் வைக்கிற செலவும் அந்தப் பெடியன்ர தலையிலயோ?" என்றாள் அக்கா.

இரண்டு வீட்டாரும் ஒரு கிழமை முழுவதும் கையுறையையும் யன்னலையும் பற்றிப் பேசினார்கள். சீதனப் பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது.