ரோசம்மாளுக்குத் தெளித்த தீர்த்தம்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம், ஊரெல்லாம் கொடி கட்டியிருந்த நேரத்தில் என் மனைவி ரோசம்மாள் காய்ச்சலில் இறந்துபோனாள். நாங்கள் மலாக்காவில் காஜா பெராங் பகுதிக்கு வாடகைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மலாயாவில் எங்களுக்குச் சொந்தம் என்று ஒருவரும் கிடையாது.

கல்லறைத் தோட்டத்தில் சாமியார் செபம் சொல்லி, பெட்டியின்மேல் தீர்த்தம் தெளித்துவிட்டு, தெளிக்கும் கோலை என்னிடம் நீட்டினார். அடுத்து சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகத் தெளிப்பதுதான் எங்கள் வழக்கம். திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை. நான் தெளித்துவிட்டால் அவளை வழியனுப்புவது அத்தோடு முடிந்துவிடும். கை எழவில்லை.

சற்றுத் தள்ளி நின்ற பக்கத்து வீட்டு அம்மா முன்னால் வந்தார். காய்ச்சலில் கிடந்தவளுக்குக் கஞ்சி கொண்டுவந்தவர். தலைமுறைகளாக மலாய் பேசும் மலாக்கா செட்டி, இந்து. தமிழ் அவ்வளவாக வராது.

"சாயா ஜுகா போலே, பாதர்?" தானும் தெளிக்கலாமா என்று தயங்கிக் கேட்டார்.

"போலே, போலே. தாராளமா தெளிங்கம்மா," என்றார் சாமியார்.

அவர் தெளித்துவிட்டு, "ஜாலான் பாய்க்-பாய்க், மகளே," என்றார். பத்திரமாய்ப் போய் வா என்று அர்த்தம். பிறகு அவர் கணவர் தெளித்தார். பெட்டியை ஏற்றிவந்த சீன லாரி ஓட்டுநரும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கை நீட்டினார். கடைசியாக நான் தெளித்தேன்.

அன்று தனியாகத்தான் வீடு திரும்பினேன். அந்தத் தனிமை இன்றுவரை தீரவில்லை. ஆனால் ரோசம்மாள் அநாதையாகப் போனாள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.