செருப்போடு ஒரு படம்

"பிள்ளை, படத்துக்குச் செருப்பைக் கழட்டுங்கோ."

ஒரு வாரம் வேதாகமம் படிப்பிக்க வந்திருந்த வெளிநாட்டுக் குழுவின் மொழிபெயர்ப்பாளர் என் மகளிடம் சொன்னதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எட்டு வயதில், இதே குருநகரில், இப்படி வந்த இன்னொரு குழுவினர் எனக்கும் இதையே சொன்னார்கள். கோயில் ஞானோபதேச வகுப்பில் நாங்கள் எப்போதோ படித்த காணாமற்போன ஆட்டின் கதையைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் கமராவை எடுத்தார்கள். மீன் விற்று அப்பா வாங்கித் தந்த செருப்பில் ரப்பர் மணம்கூடப் போகவில்லை. பக்கத்தில் நின்ற அப்பாவையும் விலகச் சொன்னார்கள்.

அடுத்த வருடம் அவர்கள் எங்களுக்கு அனுப்பிய அட்டையில், என் படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் 'அநாதை' என்றிருந்தது.

"என்னவாம் எழுதிக்கிடக்கு?" என்றார் அப்பா.

"நான் வடிவாம்" என்றேன்.

இன்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கழட்டமாட்டாள். இவளின்ரை அப்பா உதிலை நிக்கிறார். அவரையும் சேர்த்து எடுங்கோ, இல்லாட்டி கமராவை உள்ளுக்கை வையுங்கோ."