லாரியும் லோரியும்

ஜப்பான்காரன் மலாய் நாட்டை ஆண்ட காலத்தில் என் மாமா, அம்மாவின் தம்பி, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புப் பையன்களுக்குப் பந்தாட்டம் பழக்கினார். எங்களிடம் தோல் பந்து இல்லை. வாங்க ஆளில்லாமல் கிடந்த ரப்பர் ஷீட்டைக் கிழித்துச் சுற்றிய உருண்டைதான் பந்து. தரையில் பட்டால் எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது.

மாமாவிடம் இருந்தது ஒரே ஒரு வித்தை. தோற்கப்போகிறவர்கள் மாதிரி எல்லாரும் பின்வாங்க வேண்டும். எதிராளிகள் ஆசைப்பட்டு மொத்தமாக முன்னேறுவார்கள். அவர்களுக்குப் பின்னால் இடம் காலியாகும். உடனே பந்தை அங்கே நீளமாக உதைக்க வேண்டும். முன்னால் தனியாக நிற்கும் நான் ஓட வேண்டும். எனக்கு ஆட வராது, ஓட வரும்.

அதற்கு ஒரு சத்தம் தேவைப்பட்டது. முதலில் "கவுன்டர் அட்டாக்" என்று கத்தினார். இங்கிலீஷ் எதிரியின் பாஷை என்று யாரோ எச்சரித்ததும் தமிழுக்கு மாறினார். "எதிர்த்தாக்குதல்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் பந்து எங்கள் கோலுக்குள் கிடந்தது. கடைசியில் மலாய்தான் கைகொடுத்தது. லாரி, அதாவது ஓடு.

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. சரக்கு வண்டியை நாங்கள் லோரி என்போம். லோரி என்றால் அப்போது எல்லாருக்கும் ஒரே வண்டிதான் நினைவுக்கு வரும்: சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துப்போகிற வண்டி. "நாக்குப் பெசகி லோரின்னு கத்திடாதே தம்பி, தெருவே காலியாயிடும்" என்றாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

கிள்ளானிலிருந்து தோட்டத்துப் பையன்கள் ஆட வந்தார்கள். துணிக்கடை பாய் அரை மூட்டை அரிசியைப் பரிசாக வைத்து, விசிலையும் தானே வைத்துக்கொண்டார். வீட்டில் மாதக்கணக்காக மரவள்ளிக்கிழங்கு. நாங்கள் பந்தைப் பார்த்ததைவிட மூட்டையைப் பார்த்ததே அதிகம்.

மாமாவின் வித்தை பலிக்கவில்லை. எங்கள் ஆட்கள் ஒழுங்காகப் பின்வாங்கினார்கள். "டேய், அவ்வளவு பின்னால இல்லடா, அது கக்கூசு" என்று மாமா கத்தும் அளவுக்குப் பின்வாங்கினார்கள். ஆனால் கிள்ளான்காரர்கள் இரண்டு தடியன்களைப் பின்னாலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். பக்கத்துக்கு ஒரு கோல் என்று நின்றது ஆட்டம். மாமாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கோட்டோரம் வந்து, "மாப்ளே, இனிமே நீயே கத்திக்கிட்டு ஓடு" என்றார்.

பந்து வந்தது. தடியன்கள் இருவரும் எனக்கு முன்னால் நின்றார்கள்.

நான் "லோரி" என்று கத்தினேன். நாக்குப் பிசகிவிட்டது என்றுதான் இத்தனை காலமும் எல்லாரிடமும் சொல்லிவந்தேன். பிசகவில்லை.

தடியன்கள் வேலி தாண்டினார்கள். வேடிக்கை பார்த்தவர்கள் இருந்த இடம் தெரியவில்லை. பாய் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடினார். விசில் வாயிலேயே இருந்ததால் மூச்சுக்கு மூச்சு ஊதிக்கொண்டே ஓடினார். மாமா வாய்க்காலில் குதித்தார்.

கிள்ளான் கோல்கீப்பர் மட்டும் ஓடவில்லை. என் வயதுப் பையன். கோலை விட்டு நேரே என்னிடம் வந்தான். "எந்தப் பக்கம் போச்சு? உள்ள ஆளுங்க இருந்தாங்களா?"

"நெறைய இருந்தாங்க. பங்சார் பக்கம் போச்சு."

அவன் முகம் மலர்ந்தது. ரோட்டை நோக்கி ஓடினான். நான் பந்தை மெதுவாக உருட்டிக் கோலுக்குள் தள்ளினேன். என் வாழ்க்கையின் முதல் கோல். பார்க்க ஒருவரும் இல்லை.

ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கிள்ளான் குழுவைக் கூட்டிவந்த அண்ணன் கொதித்தார். "லோரி எங்கலா? ஒரு மாட்டு வண்டிகூட காணோம்."

"பையன் லாரின்னான். மலாய் வார்த்தை. உங்க ஆளுங்க ஓடினா நாங்க என்ன செய்ய?" என்றார் மாமா.

"அப்ப நீங்க ஏன் வாய்க்கால்ல நிக்கிறீங்க?"

"பந்து எடுக்க."

பந்து கோலுக்குள் கிடந்தது. பாய் அதைப் பார்த்தார். "உள்ள கெடக்குல்ல, அப்ப கோல்தான்" என்று மூட்டையை எங்கள் பக்கம் இறக்கினார்.

கோல்கீப்பர் திரும்பி வர வெகுநேரமானது. கிள்ளான்காரர்கள் ரயிலை விட்டுவிட்டு அவனுக்காகக் காத்திருந்தார்கள். முழங்கால்வரை செம்மண்ணோடு வந்தவன் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். என்னைக் கடந்துபோய்த் தன் ஆட்களோடு சேர்ந்துகொண்டான்.

அன்று வீட்டில் சோறு. மாமா சரியாகச் சாப்பிடவில்லை. "அந்தப் பையனோட அப்பா போன தீபாவளிக்கு முன்னால லோரியில போனவராம்க்கா. சயாமுக்கு. ஒரு தகவலும் இல்லையாம்" என்றார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

சயாமுக்குப் போனவரைப் பங்சார் ரோட்டில் தேடியிருக்கிறானே, பூகோளம் தெரியாத பயல் என்று நினைத்துக்கொண்டு, கரண்டியை எடுத்து நானே இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன்.