சிங்கப்பூர் வாத்தியார் வீசிய துண்டு

எனக்கு எதிலும் அவசரம். சிங்கப்பூரிலிருந்து ஒரு பள்ளிக்கூடம் எங்கள் பள்ளியோடு சேர்ந்து தொண்டு வேலை செய்ய வருகிறது என்று தகவல் வந்த அன்றே, திருவரங்குளம் பக்கத்திலுள்ள எங்கள் ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டேன். தலைமையாசிரியருக்கே டீக்கடையில்தான் விஷயம் தெரிந்தது. ஏற்பாடு இதுதான்: ஜூன் மாதம் அவர்கள் பிள்ளைகள் வந்து, எங்கள் பிள்ளைகளோடு கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வாய்க்காலைச் சுத்தம் செய்வார்கள். அடுத்த ஜூனில் எங்கள் பிள்ளைகள் அங்கே போய் அவர்களோடு கடற்கரையைச் சுத்தம் செய்வார்கள். செலவெல்லாம் அந்தப் பள்ளிக்கூடத்தைச் சேர்ந்தது.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவள் அப்பாவுக்குச் சிங்கப்பூரில் கட்டட வேலை. அவள் சின்ன வகுப்பில் இருந்தபோது போனவர், திரும்பி வரவே இல்லை. அப்பா முகத்தைப் போனில் பார்த்தே வளர்ந்தவள். என் பேரு இருக்குல்ல டீச்சர் என்று தினமும் வந்து கேட்பாள். போகிறவர்கள் பட்டியலில் இருந்தது. ஆனால் பிள்ளைகளை அனுப்ப ஊர் சம்மதிக்க வேண்டும். ஊர் என்றால் அம்பலகாரர். அவர் தலையாட்டாமல் எந்த வீட்டிலும் பாஸ்போர்ட் பேச்சே எடுக்க மாட்டார்கள்.

"மொதல்ல அவுங்க வந்து ஒழுங்கா இருந்துட்டுப் போகட்டும் டீச்சர். அப்பறம் பாக்கலாம்" என்றார் அவர்.

வந்தார்கள். மேளம், சந்தனம், மாலை என்று அமர்க்களப்படுத்திவிட்டோம். அவர்களுடைய ஆசிரியர் ஒரு சீனர். அவருக்கு நானே ஒரு வெள்ளைத் துண்டு போர்த்தினேன். மனுஷன் அதைக் கழற்றினால்தானே! வாய்க்காலில் கருவேல முள் வெட்டும்போதும், இலையில் சாப்பிடும்போதும் தோளில் அந்தத் துண்டுதான். பிள்ளைகளோ மொழி புரியாமலேயே ஒருத்தரை ஒருத்தர் கேலி செய்துகொண்டார்கள். அந்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின நாள் மீன்பிடித் திருவிழா. கண்மாய் முழங்கால் அளவுக்கு வற்றியதும் எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் ஊருக்கு ஊர் வருடா வருடம் நடப்பது. சுற்றுப்பட்டு ஊர்ச் சனமெல்லாம் விடியும்போதே வலையும் கூடையுமாகக் கரையில் வந்து நிற்கும். கரைமேல் இருக்கும் கருப்பருக்குச் சூடம் காட்டிவிட்டு அம்பலகாரர் வெள்ளைத் துண்டை வீசுவார். அதுவரைக்கும் ஒருத்தர் கால் தண்ணீரில் படாது. விருந்தாளிகள் யாரும் முந்தி இறங்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். துண்டைப் பற்றிச் சொல்ல யாருக்குத் தோன்றும்?

அம்பலகாரர் சூடத்தோடு கோயிலுக்குள் இருந்தார். அந்த நேரம் பார்த்து, தூரத்தில் நின்ற தன் பிள்ளைகளைப் போட்டோவுக்குக் கூப்பிட, சீன வாத்தியார் தோளிலிருந்த துண்டை எடுத்துத் தலைக்கு மேலே சுற்றி வீசினார்.

அவ்வளவுதான். வீசியாச்சுடா என்று எவனோ கத்த, மொத்தச் சனமும் தண்ணீருக்குள். எங்கள் தலைமையாசிரியரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

அம்பலகாரர் வெளியே வந்தார். வீசாத துண்டு தோளில் அப்படியே கிடந்தது. முகம் கறுத்துவிட்டது. எல்லாரும் ஏறுங்கடா என்று கத்தினார். விராலைக் கையில் பிடித்தவன் எவன் ஏறுவான்? போச்சு, அடுத்த வருடப் பயணம் இத்தோடு போச்சு. என்ன தப்பு நடந்தது என்றே தெரியாமல் சீன வாத்தியார் அவரைப் பார்த்துக் கும்பிட்டார். கும்பிட்ட கையில் அந்தப் பாழாய்ப்போன துண்டு தொங்கியது.

அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் என்னைத் தாண்டிக்கொண்டு அம்பலகாரர் முன்னால் போய் நின்றாள்.

"அய்யா, அவரு வீசுனது சும்மா. நீங்க வீசுனாத்தான் அய்யா கணக்கு. இப்ப வீசுங்க. நீங்க கோவிச்சுக்கிட்டா நான் எங்கப்பாவப் பாக்க முடியாதுங்க."

அவர் அவளை முறைத்தார். கண்மாயைப் பார்த்தார். பிறகு துண்டை உருவி, ஓங்கி வீசினார். ஏற்கெனவே சேற்றில் நின்ற சனம் நிமிர்ந்து, அப்போதுதான் இறங்குகிற மாதிரி குலவையும் விசிலுமாகப் போட்ட சத்தம் இருக்கிறதே, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மத்தியானம் விருந்தாளிகளுக்கு அம்பலகாரர் வீட்டிலிருந்தே மீன் குழம்பு வந்தது. எனக்கு மட்டும் ஒரு புத்திமதி: "அங்கிட்டுப் போயி எவனும் துண்ட எடுத்து வீசாமப் பாத்துக்கங்க."

அடுத்த ஜூனில் போனோம். ஞாயிற்றுக்கிழமை கடற்கரை வேலை முடிந்ததும், நம் ஊர் ஆட்கள் கூடும் ஒரு திடலுக்குச் சீன வாத்தியாரே எங்களை அழைத்துப்போனார். அங்கே வந்துவிடுவதாக அவளுடைய அப்பா போனில் சொல்லியிருந்தார். திடல் கொள்ளாத கூட்டம். போன் போட்டால் எடுக்கவில்லை. எந்தப் பக்கம் பார்த்தாலும் அப்பா மாதிரியே இருக்காங்க டீச்சர் என்றபோது அவளுக்கு அழுகை முட்டிவிட்டது.

பிறகு என்ன தோன்றியதோ, வாத்தியார் தோளில் கிடந்த துண்டில் கை வைத்தாள். ஆமாம், அதே துண்டுதான். அதை உருவிக்கொண்டு ஒரு பெஞ்சின் மேல் ஏறித் தலைக்கு மேலே வீசினாள்.

அங்கே ஒருத்தர் எழுந்தார், இங்கே இரண்டு பேர் எழுந்தார்கள். புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள் அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே எங்களைப் பார்த்து ஓடிவந்தார்கள். எல்லாருக்கும் முன்னால், செருப்பு கழன்றது தெரியாமல் ஓடிவந்தவர் அவள் அப்பா. அவர் பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்று பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகும் அவள் வீசிக்கொண்டே இருந்தாள்.