கவசவாகனத்துக்குப் போட்ட மாலை

நாங்கள் கொலோனுக்குப் பக்கத்தில் இருக்கிறோம். என் கணவர் வாகனம் திருத்துபவர். அவரும் அவருடைய ஜெர்மன் நண்பர் வெர்னரும், துப்பாக்கி அகற்றப்பட்ட பழைய இராணுவக் கவசவாகனம் ஒன்றை வாங்கி, சனிக்கிழமைகளில் ஒரு கொட்டகையில் வைத்துத் திருத்தினார்கள். போர்க்காலத்தில் ஊரில் இப்படியான வண்டியின் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்கு ஓடியவள் நான். கொட்டகைப் பக்கமே போனதில்லை.

சென்ற கோடையில் அது ஓடத் தயாரானது. “நீர் வந்து பொட்டு வைச்சால்தான் எடுப்பன்” என்று இவர் சொல்லிவிட்டார். போனேன். சந்தனம் வைத்தேன், சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தேன். மாலையை எங்கே போடுவதென்று தெரியாமல், மேலே திறந்து நின்ற இரும்பு மூடியைப் பிடித்திருந்த கொளுக்கியில் மாட்டினேன்.

இவர் அந்த மூடி திறந்திருந்த வழியால் உள்ளே இறங்கி இயந்திரத்தை இயக்கினார். வண்டி முழுவதும் அதிர்ந்தது. இவருடைய தலை மட்டும் வெளியே தெரிந்தது.

“இஞ்சேருங்கோ, திருநீறு பூசாமல் போறியள். வந்திட்டுப் போங்கோ” என்றேன்.

முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்தார். என் விரல் அவர் நெற்றியில் இருந்தபோது மூடி படாரென்று விழுந்தது. ஒருவரால் தூக்க முடியாத மூடி அது.

வெர்னர் ஏறிப் பார்த்தார். மாலையின் கட்டு சிக்கி, அதிர்வில் கொளுக்கி கழன்றிருந்தது. என் கையை இவர் பிடித்துக்கொண்டு, “திருநீறு காப்பாத்திப்போட்டுது” என்றார். மாலையைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்போது மாலையை முன்விளக்கில்தான் போடுகிறேன். சனிக்கிழமைகளில் நானும் போகிறேன். கொளுக்கியை இழுத்துப் பார்த்து, “ஓம், உள்ளுக்கு இறங்குங்கோ” என்று நான் சொல்லும்வரை இவர் வண்டிக்குள் கால் வைப்பதில்லை.