துவைகல்லடியில் ஒரு காலிறுதி

என் தம்பி ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் ஒற்றையர் டென்னிஸ் ஆடினான். அவன் ஆடிய காலிறுதியில் பார்க்கவேண்டிய பகுதி நடந்துகொண்டிருந்தபோது, நான் எங்கள் வீட்டுப் புறவாசலில் துணி துவைக்கிற கல்லருகே நின்றுகொண்டிருந்தேன். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

வீட்டில் டென்னிஸ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சாலைக் கடைவீதியில் ஹார்ட்வேர் கடை. கீல், தாழ்ப்பாள், பெயின்ட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு விலை சொல்வார்கள். டென்னிஸ் ஸ்கோரில் முப்பதுக்கு அப்புறம் ஏன் நாற்பது, நாற்பத்தைந்து அல்லவா வரவேண்டும் என்று சித்தப்பா இத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். தம்பி அடித்த பந்து வலையில் பட்டால் அம்மாவுக்கு எதிரே நிற்கிறவன் மேல் கோபம் வரும். தம்பியும் நானும் ஒரே கோர்ட்டில் ஆடி வளர்ந்தவர்கள். நானும் மாநில அளவில் ஆடினேன். அப்புறம் ஆடிட்டர் ஆபீஸ் வேலை கிடைத்தது, மட்டை அலமாரிக்கு மேலே போயிற்று. அதற்காக நான் ஒன்றும் புலம்பவில்லை. நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். அவன் ஆடும்போது டிவிக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கவேண்டும்.

வினை மூன்றாம் சுற்றில் ஆரம்பித்தது. ஆபீஸில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். டென்னிஸைச் சேனலில் காட்டவில்லை, ஆப்பில்தான் நேரலை. அதைச் சந்தா கட்டி வாங்கி டிவியில் இணைத்துக் கொடுத்ததும் நான்தான். தம்பி முதல் செட்டை இழந்தான். இரண்டாவது செட்டிலும் பின்தங்கி இருந்தான். அப்போது பார்த்து இங்கே மழை கொட்டியது.

"ஏட்டி, துணியெல்லாம் நனையுது, ஓடு!" என்றாள் அம்மா.

கொடியிலிருந்து துணிகளை அள்ளிக்கொண்டிருக்கும்போது உள்ளே ஒரே கூச்சல். எதிராளியின் சர்வீஸை முறித்துவிட்டான். ஈரத்துணியோடு ஓடிவந்து உட்கார்ந்தேன். உடனே இரண்டு சர்வீஸையும் தவறவிட்டு டபுள் ஃபால்ட் போட்டான். மாடியில் ஒரு போர்வை காய்கிறது என்று அம்மாவுக்கு நினைவு வந்தது. நான் போர்வையோடு இறங்கிவருவதற்குள் அந்த கேம் அவன் கைக்கு வந்திருந்தது. சித்தப்பா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் கடையில் பார்த்திருக்கிறேன்.

கடைக்கு வாடிக்கையாக வருகிற ஒரு பெயின்ட் கான்ட்ராக்டர் உண்டு. தங்கமான மனுஷர். ஆனால் காலையில் அவர் கையால் போணி ஆனால் அன்றைக்கு முழுக்க ஈ ஓட்டவேண்டியதுதான் என்பது சித்தப்பாவின் முடிவு. அவர் முதல் ஆளாக வந்துவிட்டால் உட்காரவைத்து, டீ வரவழைத்து, மகள் கல்யாணத்தைப் பற்றியெல்லாம் விசாரிப்பார். வேறு யாராவது வந்து ஒரு பொட்டலம் ஆணி வாங்கின பிறகுதான் அவருக்குச் சரக்கு. கான்ட்ராக்டருக்கும் விஷயம் தெரியும். டீயை ஆற்றி ஆற்றிக் குடித்துக்கொண்டு காத்திருப்பார். சாலையில் பல கடைகளில் இப்படி ஓர் ஆள் உண்டு. எங்கள் வீட்டில் அந்த ஆளாக நான் ஆகிவிட்டேன்.

"மக்ளே, நீ தப்பா எடுக்கப்பிடாது. கொஞ்ச நேரம் பின்னால போய் நில்லு."

"எதுக்கு சித்தப்பா?"

"அவன் ஜெயிக்கணுமா, வேண்டாமா?"

அப்பாவைப் பார்த்தேன். பி.காம் படித்தவர், தினமும் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிக்கிறவர். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "போயிட்டு வாயேன்" என்றார், ஏதோ பால் வாங்கிவர அனுப்புகிற மாதிரி.

போனேன். துவைகல்லருகே ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நின்றேன். என் சந்தாவில் ஒரு நேரத்தில் ஒரு திரைதான் ஓடும், அதனால் போனில் படம் வராது. வெறும் ஸ்கோர் காட்டுகிற இன்னொரு ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டேன். அங்கே நின்றபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். என் போனில் பாயிண்ட் மாறி, நான் அதை ஜீரணித்து முடித்த பிறகுதான் உள்ளே கத்துகிறார்கள். நேரலை என்று பெயரே தவிர, டிவியில் படம் அரை நிமிஷம் பின்தங்கி வருகிறது. எனக்குப் பெரிய ஆயுதம் கிடைத்துவிட்ட சந்தோஷம். அடுக்களைக் கதவு வழியாகத் தலையை நீட்டினேன்.

"சித்தப்பா, நீங்க இங்க காலை மடக்கி உக்காருகதுக்கு முன்னாலயே அங்க பாயிண்ட் முடிஞ்சாச்சு. நான் உள்ள இருந்தா என்ன, வெளிய இருந்தா என்ன?"

சித்தப்பா அசரவில்லை. "அது உனக்கு. நமக்கு இப்பத்தானே நடக்கு?"

அப்பா தலையாட்டினார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அன்றைக்குத் தம்பி மூன்று செட்டில் ஜெயித்தான். அவ்வளவுதான், நான் சொல்ல இனி ஒன்றும் இல்லை.

சாயங்காலம் தம்பி கூப்பிட்டான். எல்லோரும் பேசி முடித்து போன் என் கைக்கு வந்ததும் மொட்டை மாடிக்குப் போய் ஒன்று விடாமல் சொன்னேன். மழை, போர்வை, அரை நிமிஷம், எல்லாம். விழுந்து விழுந்து சிரித்தான். இவனாவது என் பக்கம் என்று நினைத்தேன். பஸ் வந்துவிட்டது என்று யாரோ அங்கே கூப்பிடுவது கேட்டது.

"அக்கா, அப்ப நாளைக்கும் அங்ஙனயே நின்னுக்கோ, கேட்டியா?" என்றான். போன் கட்டாகிவிட்டது.

அவன் விளையாட்டாகச் சொன்னானா, நிஜமாகவே சொன்னானா என்று எனக்குப் பிடிபடவில்லை. சர்வீஸுக்கு முன்னால் பந்தை ஒரே கணக்கில்தான் தட்டுவான், ஆடும் நாளில் இடது காலில்தான் முதலில் ஷூ போடுவான். அப்படிப்பட்டவன். நாளை காலிறுதி. இந்தப் போட்டியில் அரையிறுதியில் தோற்கிற இரண்டு பேருக்குமே வெண்கலம் உண்டு, ஆகவே நாளைக்கு ஜெயித்தால் பதக்கம் உறுதி. தோற்றால் வெறுங்கை. ஒற்றையரில் அவனுக்கு இப்படி ஒரு சந்தர்ப்பம் இனி வராது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவன் முழங்கால் அவ்வளவு மோசமாக இருந்தது.

மறுநாள் எங்கள் கூடத்தைப் பார்த்திருக்கவேண்டும். அப்பா முந்தின நாள் போட்ட அதே சட்டையைத் துவைக்காமல் போட்டிருந்தார். சித்தப்பா கடையை வேலையாட்களிடம் விட்டுவிட்டு வந்து அதே சோபாவில் அதே இடது காலை மடித்து உட்கார்ந்தார். அம்மா அடுக்களை நடையில் கரண்டியோடு நின்றாள், ஏனென்றால் நேற்று அப்படித்தான் நின்றாளாம். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. அம்மா மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய்த் துவைகல் பக்கத்தில் போட்டுவிட்டு வந்தாள். போ என்று சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். நாற்காலியோடு யார் சண்டை போடுவது?

முதல் செட்டை வெளியே உட்கார்ந்து எண்களாகப் பார்த்தேன். பதினைந்து, முப்பது என்று மாறுகிறதே தவிர, பந்து எங்கே விழுந்தது, இவன் ஓடினானா நின்றுவிட்டானா, ஒன்றும் தெரியாது. சோற்றை வாசனை பிடித்தே பசியாறச் சொல்வது மாதிரி இருந்தது. செட் ஆறுக்கு மூன்று என்று போனது. எனக்குத் துக்கத்தோடு கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு குஷியும் வந்தது. நேராக உள்ளே போனேன்.

"இப்ப என்ன சொல்லுகீங்க? நான் வெளியதானே இருந்தேன்?"

சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். "நீ போன்ல ஸ்கோர் பாத்தேல்லா?"

"நேத்தும் பாத்தேன்!"

"நேத்து நின்னுட்டுப் பாத்தே. இன்னைக்கு உக்காந்துல்லா பாத்தே."

தரையில், டிவிக்கு நேர் எதிரே, எல்லோருக்கும் மறைக்கும்படியாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

இரண்டாவது செட்டை நான் பார்த்தேன். அதை மட்டும் யாராலும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. எதிரே ஆடியவன் இடது கைக்காரன், நெட்டையன், சர்வீஸ் இடி மாதிரி இறங்கியது. தம்பி இரண்டடி பின்னால் போய் நின்று பந்தை வெட்டாமல் தள்ள ஆரம்பித்தான். உயரமாக, மெதுவாக, நெட்டையனின் பேக்ஹாண்டுக்கே திரும்பத் திரும்ப. சின்ன வயதில் என்னிடம் தோற்றுத் தோற்றுக் கண்டுபிடித்த வித்தை அது. நான் அதை எவ்வளவு வெறுத்திருக்கிறேன்! நெட்டையன் பொறுமை இழந்து மட்டையைத் தரையில் அடித்ததும் நான் தனியாகக் கைதட்டினேன். மற்றவர்களுக்கு ஏன் என்று புரியவில்லை. ஏழுக்கு ஐந்து, செட் தம்பிக்கு.

சித்தப்பா என் தோளைத் தொட்டார். "மக்ளே, இனி நீ அனங்கப்பிடாது. இப்பிடியே இரி. தண்ணி வேணும்னாலும் அம்மை கொண்டுவருவா."

"இப்ப என் ராசி மாறிட்டாக்கும்?"

"மாறிட்டு" என்றார், வெகு சாதாரணமாக.

அப்படியாக மூன்றாவது செட் முழுக்க நான் மரத்துப்போன காலோடு உட்கார்ந்திருந்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனாலும் பார்க்கக் கிடைத்ததே. நாலுக்கு நாலு. தம்பி சர்வீஸ். இந்த கேமை எடுத்துவிட்டால் பதக்கத்துக்கு இன்னும் ஒரே கேம்தான்.

முதல் பாயிண்ட் அவனுக்கு, அடுத்தது நெட்டையனுக்கு. மூன்றாவதில் முதல் சர்வீஸ் வலையில். இரண்டாவதற்குப் பந்தை மேலே போட்டான். அது அவன் தலைக்குப் பின்னால் போனதை நான் பார்த்தேன். அந்த வீட்டில் நான் ஒருத்திதான் பார்த்தேன். பயம் வந்தால் அவனுக்கு அப்படித்தான். கை முழுக்க நீளாது, பந்து பின்னால் சாயும், முதுகு வளையும், வலையில் போய் விழும். விழுந்தது. டபுள் ஃபால்ட். அம்மா நெட்டையனைத் திட்டினாள். அடுத்த பாயிண்ட்டுக்குத் தம்பி பந்தைத் தட்ட ஆரம்பித்தான். வழக்கமான கணக்கைத் தாண்டியும் தட்டிக்கொண்டே இருந்தான்.

நான் எழுந்துவிட்டேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. சித்தப்பா "எங்க போறே, எங்க போறே" என்று கையை நீட்டினார். மரத்த காலை இழுத்துக்கொண்டு அடுக்களையைத் தாண்டிப் புறவாசலுக்கு ஓடினேன். உட்காரவில்லை, நாற்காலியைத் தள்ளிவிட்டு நேற்று நின்ற இடத்திலேயே, நேற்று நின்ற மாதிரியே நின்றேன். டென்னிஸ் தெரிந்தவள், அரை நிமிஷக் கணக்கு பேசினவள், ஆடிட்டர் ஆபீஸில் பிறர் கணக்கில் தப்புக் கண்டுபிடிக்கிறவள், கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றேன். போனைக்கூடத் திறக்கவில்லை.

உள்ளே சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அப்பா இருமுவது கேட்டது. அப்புறம் டிவியை அணைத்தார்கள். ஆறுக்கு நாலு, நெட்டையனுக்கு.

அம்மா கரண்டியோடு வந்து நின்றாள். "நீ இருந்த வரைக்கும் நாலுக்கு நாலுன்னு நின்னான். என்னத்துக்கு எந்திரிச்சுப் போனே?"

சித்தப்பா என்னைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

தம்பி மத்தியானம் கூப்பிட்டான். அப்பாவிடமோ அம்மாவிடமோ பேசவில்லை, நேராக என் நம்பருக்கே. எதைச் சொல்லித் தேற்றுவது என்று நான் தேடிக்கொண்டிருந்தேன், அவன் தேறுதல் கேட்கவில்லை.

"அக்கா, அந்த நாலுக்கு நாலு கேம். டபுள் ஃபால்டுக்கு அப்புறம் எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. கோச் காலுங்காரு, பிசியோ தோளுங்காரு. நீ சொல்லு, என்ன பண்ணினேன் நான்?"

"நான் பாக்கலடா."



"சித்தப்பா திரும்பவும் வெளிய அனுப்பிட்டாரா? நான் தமாஷுக்குல்லா அக்கா சொன்னேன். நீ பாத்துட்டிருப்பேன்னு நெனச்சேன்."

"சித்தப்பா அனுப்பல."

"பின்ன?"

நான் எதற்கு வெளியே போகவேண்டும் என்று இரண்டு நாளாக எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான் அது. அவன் இன்னும் கொஞ்ச நேரம் லைனில் இருந்தான். அப்புறம், சரிக்கா, வைக்கேன் என்று வைத்துவிட்டான்.